ஆபிதாவின் கல்யாணப் படம்

தாராவியின் தோல் பட்டறைகளை ஐந்து வருடமாகப் புகைப்படம் எடுத்துவந்தாள் ஷைஸ்தா. அந்தப் படங்களை வைக்க மாஹிமில் ஒரு காட்சிக்கூடம் கிடைத்தபோது முதலில் உம்மா சைனப்பிடம்தான் சொன்னாள்.

காட்சிக்கூடத்தை நடத்தும் ஆதர்ஷ் மாட்டுங்காக்காரன். படங்களைத் தேர்ந்தெடுக்க வீட்டுக்கு வந்தான். டீ கொண்டுவந்த சைனப், தானும் ஒரு காலத்தில் படம் எடுத்தவள்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண்கள் கேமராவோடு போக முடியாது. அதனால் தாராவியில் அந்த வேலைக்கு வருடக்கணக்காக அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆதர்ஷ் ஆல்பத்தைக் கேட்டு வாங்கினான்.

ஷைஸ்தாவின் படங்களைப் பார்த்து ‘ரொம்ப நேர்த்தி’ என்று நாலைந்து தடவை சொன்னவன், ஆல்பத்தைப் புரட்டும்போது ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு படத்தில் நின்றுவிட்டான். பட்டும் நகையுமாக ஒரு மணப்பெண், அக்காவின் தோளில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குகிறாள். கையில் பாதி கடித்த பிஸ்கட். டீ ஆறிப்போகும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் படங்களில் ஒன்றுகூட அவனை இப்படி வாயடைக்க வைக்கவில்லையே என்று ஷைஸ்தாவுக்கு வயிறு எரிந்தது.

உம்மா, மகள் இருவர் படங்களையும் சேர்த்தே வைக்கலாம் என்று மறுநாள் ஆதர்ஷ் போனில் சொன்னான். நல்ல யோசனை என்றாள் ஷைஸ்தா. வேறு என்ன சொல்ல முடியும்? அழைப்பிதழ் வந்தபோது அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. பெரியவர்கள் பெயர் முதலில் வருவதுதானே முறை என்றான் ஆதர்ஷ்.

படத்தில் இருக்கும் ஒவ்வொருத்தியையும் கேட்காமல் எதையும் மாட்டக்கூடாது என்று சைனப் சொல்லிவிட்டாள். அவளே வீடு வீடாகப் போய்க் கேட்டாள். வேண்டாம் என்றவர்களின் படங்களை ஒதுக்கி வைத்தாள். தூங்கும் மணப்பெண் ஆபிதா இப்போது ஆண்டாப் ஹில்லில் இருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தாராளமாகப் போடுங்கள் என்றாள். இதை ஆதர்ஷிடம் சொல்லும்படி சைனப் மகளிடம் சொன்னாள்.

ஷைஸ்தா அவனுக்குப் போன் செய்தாள். ஆபிதா சம்மதிக்கவில்லை, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றாள். பிறகும் திரும்பக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லவில்லை. படங்களை மாட்டும் நாளில், முட்டுவலியோடு எதற்கு அலைய வேண்டும் என்று சொல்லி உம்மாவை வீட்டிலேயே இருக்க வைத்தாள்.

திறப்பு நாளன்று கூட்டமெல்லாம் உம்மாவின் சுவர்ப்பக்கமே நின்றது. புது புர்க்கா போட்டுக்கொண்டு, இரண்டு மகள்களோடு ஆபிதாவும் வந்தாள். சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

“எங்க லாத்தா, நான் தூங்குத படத்தக் காணல?” என்று சைனப்பைக் கேட்டாள்.

பக்கத்தில் நின்ற ஆதர்ஷ், நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று ஆபிதாவிடம் சொல்லத் தொடங்கினான். சைனப் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷைஸ்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கண்ணாடி ஒடஞ்சு போச்சுளா. நாளைக்கு மாட்டிருவாவ” என்றாள் சைனப். ஆதர்ஷ் குழப்பத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில், நீதான் எடுக்கச் சொன்னாயா என்று உம்மா கேட்டாள். ஷைஸ்தா மறைக்கவில்லை.

“எல்லாரும் ஒங்க படத்தையே பாத்துட்டு நின்னா, நான் அஞ்சு வருசமா என்னத்தச் செஞ்சேன் உம்மா?”

சைனப் சமாதானம் ஏதும் சொல்லவில்லை. “நீ போட்டோ படிக்கப் போனப்ப எனக்கும் எரிஞ்சுச்சு புள்ள. எனக்கு அப்படி ஒருத்தரும் சொல்லித் தரலியேன்னு. ஆனா ஒன்னப் போவாதன்னு நான் சொல்லல.”

காலையில் ஷைஸ்தா காட்சிக்கூடத்துக்குப் போய், தான் பொய் சொன்னதை ஆதர்ஷிடம் சொன்னாள். அவன் படத்தை எடுத்துவந்து கொடுத்தான். அவளே ஆணியடித்து மாட்டினாள். ஆபிதாவுக்குப் போன் செய்து மறுபடி வரச் சொன்னாள். அவள் வந்தாள். அவளுடைய மகள்கள் படத்தின் முன்னால் வாயைப் பிளந்து தூங்குவதுபோல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் காட்சியைப் பற்றி அரைப்பக்கம் வந்தது. நடுவில் ஆபிதாவின் படம். தோல் பட்டறைகளைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. ஷைஸ்தா இரண்டு தடவை வாசித்தாள். இரண்டு தடவையும் எரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று உம்மா கேட்டாள். ஷைஸ்தா தரையில் உட்கார்ந்து, உம்மாவைப் புகழ்ந்திருந்ததில் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னாள்.