யாரும் வாய் திறக்காத ஆட்டம்

பேஸ்பால் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் பந்து வீசி முடித்து ராய்ஸ் டெல்லிங்கர் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சே காலியாகிவிட்டது. பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவன் எழுந்து கடைக்கோடிக்குப் போனான். எதிரே நின்றவன், ஷூ கயிற்றில் ஏதோ அதிசயத்தைக் கண்டவன்போலக் குனிந்துகொண்டான்.

இதே கூத்து போன வருஷமும் நடந்ததுதான். அப்போதெல்லாம் மார்லோ நாரைகள் என்று அணியின் பெயரைச் சொன்னாலே விஸ்கான்சின் மாநிலம் முழுக்கச் சிரித்தார்கள். லீக்கில் கடைசி இடம். அந்த அணியில் பந்து வீசும் பிட்சர்களிலேயே அதிகம் அடி வாங்கியவன் ராய்ஸ். சாப்பாட்டு மேசையில் அவனிடம் கெட்சப் பாட்டிலைக் கேட்கக்கூட ஆள் கிடையாது. ஸ்கோர்போர்டைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்கிறது என்று அந்தப் பக்கம் தலை திருப்புவதையே விட்டுவிட்டான்.

இந்த வருஷம் ஓர்வல் க்ரிம் மேனேஜராக வந்தார். "யாரை வேணா தூக்குங்க, அந்த ராய்ஸ மட்டும் எனக்கு விட்டுடுங்க" என்று முதலாளியிடம் பிடிவாதம் பிடித்தார். எப்படித்தான் நடந்ததோ, நாரைகள் ஜெயிக்கத் தொடங்கின. ராய்ஸின் பந்து திரும்பியது. அதோடு அவனைக் கிண்டல் செய்யாத ஆளே இல்லை என்றானது. அவனுக்கோ அந்தக் கிண்டல்தான் அமிர்தம். இன்று லீக்கின் கடைசி ஆட்டம், ஜெயித்தால் இறுதிச் சுற்று. நாரைகள் இரண்டு ரன், எதிரணி டெல்மான்ட் ஒன்று.

அந்த ஒரு ரன்தான் ராய்ஸைக் குடைந்தது. இரண்டாவது இன்னிங்ஸில், களத்தில் நின்ற தன் அணி நெல்சனின் கைக்கு நேராகப் போன பந்து, அவன் கோட்டைவிட்டதில் ரன்னாகிவிட்டது. ராய்ஸ் கணக்கில் அது அவன் கொடுத்த ஹிட், அதாவது எதிராளி சுத்தமாக அடித்துத் தளத்தைப் பிடித்த அடி. போதாததற்கு, தாறுமாறாக வீசிச் சிலரைச் சும்மாவே முதல் தளத்துக்கு நடக்கவிட்டிருந்தான். பழைய ராய்ஸைக் கண்டு எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டான்.

சங்கதி வேறு. நெல்சன் விட்ட பந்தை ஸ்கோரர் நெல்சனின் பிழையாகவே எழுதியிருந்தார், ஸ்கோர்போர்டைப் பார்க்காத ராய்ஸுக்குத்தான் அது தெரியாது. ஆக, டெல்மான்ட் ஆட்களில் ஒருவன்கூட இன்னும் ஒரு ஹிட் அடிக்கவில்லை. தலைகீழாக நின்றாலும் பெரும்பாலான பிட்சர்களுக்கு வாழ்நாளில் வாய்க்காத ஆட்டம் அது. அப்படியொன்று நடக்கும்போது பிட்சர் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, அவனிடம் பேசக் கூடாது. மூச்சு விட்டாலும் கண்பட்டுவிடும். ராய்ஸும் பள்ளிக்கூட நாளிலிருந்து மற்றவர்களுக்காக இப்படி ஒதுங்கியவன்தான். தனக்காகவும் ஒதுங்குவார்கள் என்று மட்டும் அந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை.

ராய்ஸ், தன் பந்தைப் பிடிக்கும் கேட்சரான பூன் விட்லாக்கிடம் போனான். "பூன், என்னடா ஆச்சு எல்லாருக்கும்? நான் என்னடா பண்ணேன்?"

பூன் முகமூடியை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான்.

"உள்ள இருந்தாவது திட்டுடா. போன வருஷம் நீ ஒருத்தன்தான் என்னைத் திட்டவாவது செஞ்ச."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது.

ஓர்வலிடம் ஓடினான். "சார், என்னை எடுத்துடாதீங்க. இந்த ஒரு ஆட்டத்த முடிச்சுக்கறேன். இவங்க திரும்ப என்னை ஒதுக்கிட்டா என்னால தாங்க முடியாது சார்."

ஓர்வலின் கண் கலங்கிவிட்டது. சட்டென்று திரும்பித் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தண்ணி ஏன் இப்படிக் கொதிக்குது? ஐஸ் போடறதுக்கு ஒரு நாதி இல்லையா இங்க?"

ராய்ஸுக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டாவது இன்னிங்ஸில் வெறி பிடித்தவனாக வீசினான். கடைசியான ஒன்பதாவதில் அரங்கமே எழுந்து நின்றது, ஆனால் ஒரு குரல் இல்லை. ஜனங்களும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். பாவம், அவர்கள் பிராட்வுர்ஸ்ட் சாசேஜைக் கடித்த வாயோடு உறைந்து நின்றார்கள். முதல் இரண்டு பேரும் அவுட். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது ஆள் மட்டையை வீசினான். பந்து நேர்மேலே எழும்பி, வெயிலுக்குள் மறைந்து, ராய்ஸுக்கும் பூனுக்கும் நடுவில் இறங்கியது.

அந்த மாதிரிப் பந்தைப் பிட்சர் தொடவே கூடாது, ஒதுங்க வேண்டும். ராய்ஸ் அதையெல்லாம் மறந்து அண்ணாந்தபடி ஓடினான். அந்தப் பக்கத்திலிருந்து பூனும் ஓடி வந்தான். இரண்டு பேரும் மோதினால் எல்லாம் மண்ணாகிவிடும். பூன் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்துவிட்டான்.

"தள்ளிப் போடா எருமை, அது என்னோடது!"

ராய்ஸ் அப்படியே நின்றுவிட்டான். அவனுக்குப் பந்து மறந்துபோயிற்று. பூன் கையுறையில் அது சொத்தென்று விழுந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை.

பூன் பாய்ந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நெல்சன் வந்து முதுகில் ஏறினான். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அவன் காதில் கொட்டினார்கள்.

"ஒரு ஹிட் கூட இல்லடா" என்று பூன் அவன் முகத்தைப் பிடித்து உலுக்கினான். "நெல்சன் விட்டது பிழைன்னு எழுதிட்டாங்க. ஹிட்டே இல்ல. இதுக்காகத்தான்டா வாயப் பொத்திட்டு இருந்தோம். இறுதிச் சுற்றுக்குப் போறோம்டா."

ராய்ஸின் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "திரும்பச் சொல்லு பூன்."

"ஹிட்டே இல்லன்னேன்."

"அது இல்லடா. எருமைன்னியே, அத."