தண்ணீரைப் பிடித்த டயர்கள்

1979 ஜூன் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மிளகாய் மண்டி நல்லசிவத்தின் சாம்பல் நிற அம்பாசிடர் மட்டாஞ்சேரி படகுத்துறையில் காயலுக்குள் இறங்கி, தண்ணீரின் மேலேயே ஓடி, பதினொன்று ஐந்துக்கு எர்ணாகுளம் கரையில் ஏறியது. புறப்படும்போது காரில் நான்கு பேர் இருந்தார்கள், போய்ச் சேரும்போது ஐந்து பேர். அன்று நல்ல மழை. வண்டி எங்கும் சறுக்கவில்லை.

நல்லசிவம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இருபது வயதில் வந்து மட்டாஞ்சேரி பஜாரில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரத்தில் இறங்கியவர். அவர் மண்டியைக் கடப்பவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே கடப்பார்கள், அவர் மட்டும் தும்மியதில்லை. எதை வாங்கினாலும் அது ஆயுசுக்கும் உழைக்க வேண்டும் என்பது அவர் குணம். பதினேழு வருஷமாக ஒரே குடை வைத்திருந்தார். அம்பாசிடரை 1971இல், ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு டாக்டரிடம் வாங்கினார். அதோடு வந்த டயர்களை மூன்று முறை ரீட்ரெட் செய்து, தேய்ந்த ரப்பருக்கு மேல் புது ரப்பர் ஒட்டவைத்து ஓட்டினார். 1976இல் அவற்றின் மேல் தரையைப் பிடிக்கும் பட்டன்கள் எல்லாம் தேய்ந்துபோய், நான்கு சக்கரமும் மொட்டைத் தலைபோல மின்னின. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தாங்கவில்லை. அந்த ஜூலையில் தோப்பும்படி பாலத்தைவிட்டு இறங்கும்போது ஈரத்தில் கார் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. முன்சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே, தண்ணீருக்கு நேர் மேலே சுழன்றுகொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பின் சீட்டில் ஆறு வயது மகள் பாக்கியலக்ஷ்மியைச் சேர்த்துப் பிடித்து உட்கார்ந்திருந்த மனைவி முப்பிடாதியின் கை, அந்தச் சுழற்சியில் பிடியை விட்டுவிட்டது. ஒரு விநாடிதான், பிள்ளை அந்தப் பக்கம் போய்த் திரும்ப அவள் மடியிலேயே வந்து விழுந்தாள். முப்பிடாதி காரைவிட்டு இறங்கினாள், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் வீடுவரைக்கும் நடந்தாள். வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"எம் பிள்ளைய எங் கையே விட்டுருச்சு. இனி பிடிக்கிற டயர் போட்டாத்தான் நான் அதுல ஏறுவேன்."

"நாள்பட உழைக்கிற டயரா பாத்துப் போட்டுருவோம்" என்றார் நல்லசிவம்.

"உழைக்கிறதப் பத்தி யாரு கேட்டா? பிடிக்கணும்."

ஆறு மாதம் டயர் தேடினார். ஞாயிறு தவிர்த்த நாட்களில் படகேறி எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய், கடை கடையாக ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். டாக்ஸி ஸ்டாண்டில் டிரைவர்களிடம் விசாரித்தார். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் டயர் இருந்தது, அது முதல் மழையிலேயே சோப்புக்கட்டிபோல வழுக்கியது. செங்குத்துச் சுவரில்கூட ஒட்டும் டயர் இருந்தது, அதில் பத்தாயிரத்துக்குள் நூல் தெரிந்தது. கடைக்காரர் ஔசேப்பு ஒருநாள் பொறுமை இழந்தார். "சேட்டா, கட்டி ரப்பர் ஓடும், பிடிக்காது. மெது ரப்பர் பிடிக்கும், ஓடாது. ரெண்டும் சேர்ந்து கிட்டணும்னா கர்த்தாவே வந்து டயர் கம்பெனி தொடங்கணும்" என்றார். சொன்ன கையோடு, இடக்கொச்சியில் ரீட்ரெட் பட்டறை வைத்திருக்கும் மாடத்தி என்ற தமிழ்ப் பெண்ணைப் போய்ப் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

மாடத்திக்கு அப்போது முப்பத்தைந்து வயது. டயரைச் சிறு சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டே உள்ளே நூல் விட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். நல்லசிவத்தின் நான்கு டயர்களையும் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கச் சுவர் எல்லாம் வெடித்துவிட்டது, இதன் மேல் என்ன ஒட்டினாலும் வீண் என்று ஒதுக்கி வைத்தாள். தன்னிடமிருந்த நல்ல உடம்புள்ள வேறு நான்கை எடுத்துப் போட்டாள். பிறகு பட்டறையின் உள்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்பது ரப்பர் ஷீட்டுகளைக் காட்டினாள். அவை ஒரு கொடியில் போடப்பட்டவை. கொடி அறுந்து மூன்று வருஷம் ஆகியும் ஷீட்டுகள் போட்ட இடத்திலேயே, காற்றில், வரிசை கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"இது ஒத்த மரத்துப் பால் அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. கிழக்கு மலையில் ஒரு எஸ்டேட் ஓரத்தில் நின்ற மரம் அது. 1969 மழையில் மலைச்சரிவு மொத்தமும் மண்ணோடு ஆற்றுக்குப் போனது, மரம் போகவில்லை. கீழே தரை இல்லாமல் நாற்பதடி உயரத்தில் வேர்களை விரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. தோட்டக்காரர்கள் முதல் வாரம் தேங்காய் உடைத்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து மூங்கில் ஏணி வைத்து ஏறி வழக்கம்போலப் பால் எடுத்தார்கள். அந்த ரப்பர் தொட்டதை விடுவதில்லை என்பதால் யாரும் வாங்கவில்லை. "தேயுமா?" என்று நல்லசிவம் கேட்டார். "தேயணும்னா கொஞ்சமாச்சும் விட்டுக் குடுக்கணுமே. இது எதையும் விடாது" என்றாள். அதுவே தன் குணம் என்று நல்லசிவத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒன்பதையும் அந்த நான்கு டயரிலும் ஒட்டச் சொல்லிவிட்டார்.

முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், அதுவரை சக்கரம் தரையை விடப் பழகாது என்று மாடத்தி சொல்லி அனுப்பினாள். அப்படியே இருந்தது. முதல் நாள் கார் போன வழியெல்லாம் தார் பாய்போலச் சுருண்டு எழும்பி, பிறகு மனமில்லாமல் படுத்தது. வாரக்கடைசியில் பழகிவிட்டது. நல்லசிவம் மண்டிக்கு முன்னால் ஒரு டின் நல்லெண்ணெயைத் தெருவில் கொட்டி, வேகமாக வந்து பிரேக் போட்டுக் காட்டினார். கார் ஆணி அடித்ததுபோல நின்றது, இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் அரை அங்குலம் முன்னால் வந்து திரும்பிப் போயின. முப்பிடாதி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் காரில் ஏறவில்லை. தன் கையை அவள் இன்னும் நம்பவில்லை என்பது நல்லசிவத்துக்குத் தெரியாது. டயரில்தான் இன்னும் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது முப்பிடாதி மறுபடி உண்டானாள். அந்த ஜூன் செவ்வாய்க்கிழமை, நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி கண்டது. பிரசவம் பார்க்கப் பழகிய பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கால் முதல்ல வருது. எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம ஆகாது" என்றாள். நல்லசிவம் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, ஏறச் சொல்லத் தைரியமில்லாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையில் நின்றார். முப்பிடாதி படியிறங்கி வந்தாள், குனிய முடியாமல் குனிந்து பின் டயரில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கும்போது கை வரவில்லை, சீனியம்மாள் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பின் சீட்டில் ஏறிப் படுத்தாள். சீனியம்மாள் அவள் கால்மாட்டில் ஏறிக்கொண்டாள், பாக்கியலக்ஷ்மி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

பாலத்துக்குப் போகும் சாலையில் அரிசி லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் பஸ்களும் வண்டிகளும் அரை மைலுக்கு நின்றன. நல்லசிவம் காரைத் திருப்பிப் படகுத்துறைக்கு வந்தார். அங்கே காற்றுக்குப் பயந்து படகுகளை எல்லாம் கட்டிப் போட்டிருந்தார்கள். படகோட்டி வேலாயுதன் காரின் உள்ளே ஒரு பார்வை பார்த்தான், கண் கலங்கிவிட்டது. "ஈ காற்றில படகு மறியும் சேட்டா. ஞான் மாத்திரமானா வரும், சேச்சியெ வெச்சு வரான் பற்றில்லா" என்றான். படகு கவிழும், தான் தனியாக என்றால் வருவான், அவளை ஏற்றிக்கொண்டு முடியாது என்று அர்த்தம். நல்லசிவம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து முப்பிடாதி கேட்டாள்.

"இந்த டயர் தண்ணியப் பிடிக்குமா?"

தெரியாது என்று சொல்லிப் பழகாத மனிதர் அவர். "தெரியலியே முப்பிடாதி" என்றார்.

"அப்ப இறக்கிப் பாருங்க."

முதல் கியரில் படகுத்துறைப் படிகளில் இறங்கினார். முன்சக்கரங்கள் பட்ட இடத்தில் தண்ணீர் பஞ்சு மெத்தைபோல ஒரு விரற்கடை அமுங்கியது, பிறகு பிடி கிடைத்து நின்றது. பின்சக்கரங்களும் இறங்கின. கார் போகத் தொடங்கியது. வேலாயுதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். காயல் முழுக்க அலை அடித்தது, காரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் கல்தரைபோலக் கிடந்தது. பாக்கியலக்ஷ்மி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தபோது, காரின் நிழலுக்குள் நூற்றுக்கணக்கான மீன்கள் ஒரே திசையைப் பார்த்துக் கூடவே வந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கிரேன் மூட்டையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றது. கப்பலில் இருந்த வேற்றுநாட்டு மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

காயலுக்கு நடுவிலிருந்த துறைமுகத் தீவின் வடமுனையைச் சுற்றும் இடத்தில் சீனியம்மாள் குரல் கொடுத்தாள். "ஆட்டாதீங்க! கால் வெளிய வந்துட்டு. ஒரு ஆட்டங்கூட ஆகாது, அப்படியே நிப்பாட்டுங்க!" நல்லசிவம் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. கார் நின்றதும் காயலும் நின்றது. எழுந்த அலைகள் எழுந்த நிலையிலேயே நின்றன, ஏறிக்கொண்டிருந்த கடல் ஏற்றம் ஏறுவதை நிறுத்தியது. அந்த நேரம் இடக்கொச்சியில் வலை வீசியவர்களின் வலை தண்ணீரில் முங்காமல் மேலேயே விரிந்து கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். பிரேக்கில் வைத்த காலை நல்லசிவம் நான்கு நிமிடம் எடுக்கவில்லை. கால் நடுங்கவும் விடவில்லை. முப்பிடாதி ஒரு கையை முன் சீட்டுக்கு மேலாக நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாக்கியலக்ஷ்மிக்கு வலித்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு குழந்தை அழுதது. "பையன். இப்ப போங்க, ரத்தம் நிக்கல, சீக்கிரம் போங்க" என்றாள் சீனியம்மாள். நல்லசிவம் காலை எடுத்ததும் காயல் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தினார்கள். கால் மணி நேரம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். பையனுக்குச் செல்லதுரை என்று பெயர் வைத்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் எழுத்தர் 'காயலின் மேல், மோட்டார் காரில்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாக்கியலக்ஷ்மியின் மணிக்கட்டில் அம்மாவின் நான்கு விரல் தடம் ஒரு வாரம் சிவந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் அதை எல்லோருக்கும் காட்டினாள்.

டயர் பதிந்த தடம் தண்ணீரில் பதினோரு நாள் அழியவில்லை. சாண் அகலத்தில் இரண்டு கோடுகள், பட்டனின் ஒவ்வொரு கட்டமும் தெளிவாகத் தெரிய, கரையிலிருந்து கரைவரை கிடந்தன. மூன்றாம் நாளிலிருந்து மீன்காரிகள் கூடையோடு அதன்மேல் நடந்து எர்ணாகுளம் போய் வந்தார்கள். எதிரே ஆள் வந்தால் பக்கத்துக் கோட்டுக்குத் தாண்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சிரமம். பன்னிரண்டாம் நாள் பெருமழையில் தடம் கரைந்தது. மறுபடியும் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று மூன்று நாள் அலுத்துக்கொண்டார்கள்.

முப்பிடாதி 1981இல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நல்லசிவத்தைவிட நன்றாக ஓட்டினாள், வளைவுகளில் அவர் பயப்படும் அளவுக்கு. பஜாரிலிருந்த மற்ற வியாபாரிகள் அதேபோல டயர் கேட்டு இடக்கொச்சிக்குப் போனார்கள், ஒன்பது ஷீட்டும் தீர்ந்துவிட்டது என்று மாடத்தி கையை விரித்தாள். ஒவ்வொரு வருஷமும் ஆயுதபூஜையன்று நல்லசிவம் நான்கணா நாணயத்தைப் பட்டனுக்குள் செருகி ஆழம் பார்ப்பார். 1987வரை ஒரு மயிரிழை குறையவில்லை.

பாலத்தில் நெரிசல் என்றால் முப்பிடாதி காயலில் இறக்கிவிடுவாள். படகுகளுக்கு எப்போதும் வழி விடுவாள், அவை பெரிய வண்டிகள் என்பதால். 1986 ஆகஸ்டில் ஒரு காலை, செல்லதுரையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும் வழியில், தீவுக்கருகே காரை நிறுத்தி மட்டாஞ்சேரி படகைக் கடக்கவிட்டாள். வேலாயுதன் ஹாரன் அடித்துக் கையை உயர்த்தினான், அவளும் உயர்த்தினாள். படகில் ஊருக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். மற்றவர்கள் கரை வரப்போகிறது என்று குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.