ஏழுக்கு அடுத்த ஒன்பது

மாலை ஐந்து மணிக்கு அரசின் இணையதளம் மூடிவிடும். அதற்குள் பிளஸ் டூ பிள்ளைகள் எல்லோருக்கும் புதிய பாடக் குறியீடு ஏறியாக வேண்டும். எம். புதுப்பட்டித் தனியார் பள்ளியின் எழுத்தர் சித்திகா நான்கு மணிக்கே ஏற்றிவிட்டு, சரிபார்க்க வகுப்புகளுக்குப் பிரதியும் அனுப்பிவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

அனுப்பிரியா பிரதியோடு ஓடிவந்தாள்.

"அக்கா, நான் படிக்கிறது அக்கவுண்டன்சி. இதுல விவசாயம்னு போட்டிருக்கீக. பரீட்சைல நாத்து நடச் சொல்லுவாகளோ?"

சித்திகா திரையைப் பார்த்தாள். ஏழாம் பிரிவுவரை சரி. அதன்பின் எல்லோரும் ஒரு பாடம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நர்சிங் படிக்கும் முப்பத்திரண்டு பேருக்குக் குறியீடே இல்லை.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. பள்ளிச் செயலாளர் காசிராஜன் பட்டாசுக் கம்பெனி முதலாளி. எட்டு அவருக்கு ஆகாது. கம்பெனியில் ஏழாம் ஷெட்டுக்கு அடுத்தது ஒன்பதாம் ஷெட். பள்ளியின் பாடப்பிரிவுகளும் அப்படித்தான். எண் பன்னிரண்டுவரை ஓடும், பிரிவுகள் பதினொன்றுதான். அரசுப் பட்டியலோ ஒன்றிலிருந்து பதினொன்றுவரை விடாமல் வந்திருந்தது. அவள் ஒன்பதுக்கு ஒன்பதை இணைத்துவிட்டாள்.

ஏழுக்குக் கீழே உள்ளவற்றை ஒரு வரி மேலேற்றினால் தீர்ந்தது. ஆனால் அக்கவுண்டன்சி எட்டாகிவிடும். ஏற்றியதைத் திருத்துவதற்கான ஓடிபி வருவதோ காசிராஜன் போனுக்கு.

நாலரைக்கு அவர் வந்தார்.

"எட்டா? வேற நம்பர் கேளு தாயி."

"குடுக்க மாட்டாக அண்ணாச்சி. அவுக வரிசையா எண்ணுதாக, அம்புட்டுதான்."

"நாமளும் வரிசையாத்தானே எண்ணுதோம்?"

சித்திகா மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக நிறுத்தினாள். "ஏழுக்கு அடுத்து என்ன?"

"ஒன்பது."

"அது பேரு. விரலை வச்சு எண்ணுங்க."

எண்ணினார். விரல் எட்டில் நின்றது.

"பத்து வருசமா அக்கவுண்டன்சிதான் நம்ம எட்டு, அண்ணாச்சி. பிள்ளைக பாஸாகிட்டுத்தான் இருக்கு."

காசிராஜன் முகம் மாறியது. "அப்போ என் ஒன்பதாம் ஷெட்டு?"

சித்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு ஐம்பத்தொன்று.

"சார், ஓடிபி!" என்று அனுப்பிரியா அலறினாள்.

நினைப்பெல்லாம் ஷெட்டில் இருக்க, அவர் ஆறு எண்களையும் வாசித்தார். திரை பச்சையானது. அனுப்பிரியா மறுபடி அக்கவுண்டன்சிக்காரி ஆனாள்.

காசிராஜன் வராந்தாவில் நின்று போனில் சத்தம்போட்டார். "ஏலே முனியராஜ், ஒன்பதாம் ஷெட்டுல ஒன்பதை அழிச்சுட்டுப் பத்துன்னு எழுது. மத்ததையும் ஒவ்வொண்ணாத் தள்ளிக்கோ. உடனே!"

சித்திகா விளக்குவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.