செவ்வாய்க்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டுக்குள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுங்களா: இந்தக் கதை பிறந்த இடம் என் குளியலறை. அங்கே என் வாஷிங் மெஷின் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதன் திருகுகள் ஒரு டீ கிளாஸில் கிடக்கின்றன. பிரித்த மெக்கானிக் திரும்ப மாட்டுவதற்குள் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கையால் துணி துவைத்தால் மற்றவர்களுக்கு இடுப்பு வலி வரும். எனக்கு இடுப்பு வலியோடு கதையும் வருகிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘நாட்டின் தலைவரையே மிரட்டத் துணிந்த அந்தக் கொடியவனின் கண்களில் நெருப்பு’

வேண்டாம். அவன் உள்ளே வருமுன் மிதியடியில் காலை அழுத்தி அழுத்தித் துடைக்கிறவன். நெருப்பெல்லாம் ஒட்டாது.

‘அவன் ஒரு அப்பாவி. ஒரு பாவமும்’

இதுவும் வேண்டாம். அவன் பேசியதைக் கேட்டால் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

2.

துவைக்கப் போட்ட சாக்ஸில் ஒன்று காணாமல் போகிறதல்லவா? உங்கள் வீட்டிலும்தானே? அதை எடுப்பது நாட்டின் தலைவர் என்று மெக்கானிக் நம்பினான். அவனுடைய மச்சான் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சொன்னாராம்: ஒற்றைச் சாக்ஸிலிருந்து நம் வியர்வையைப் பிழிந்து, நாம் எங்கெங்கே நடக்கிறோம் என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

“ஏம்ப்பா, போன தடவை நீயேதானே என் மெஷின் பம்ப்புக்குள்ளேருந்து ஒரு சாக்ஸை உருவி எடுத்தே?”

“அது அவங்களே விட்டு வெச்சது பெரியம்மா. நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல?”

“தலைவருக்கு வேற வேலையே இல்லையா?”

“அவரு வேற வேலை செஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா?”

(இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.)

இதோடு போயிருக்கும். ஆனால் ஒருநாள் தலைவர் டிவியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஒரு காலில் கறுப்புச் சாக்ஸ். மறுகாலில் நீலம், மஞ்சள் கோடு போட்டது. மெக்கானிக் கல்யாணத்துக்குப் போட்ட சாக்ஸும் நீலத்தில் மஞ்சள் கோடுதான். அதில் ஒன்றுதான் அவன் வீட்டில் மிச்சம்.

3.

தலைவர் அலுவலகத்தில், மக்கள் குறைகளைப் பதிவு செய்ய ஒரு போன் எண் உண்டு. மெக்கானிக் அதில் பேசியதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை:

“வணக்கம் சார். சாக்ஸ் விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. செவ்வாய்க்கிழமை பத்துலேருந்து பன்னண்டுக்குள்ள வரேன். உங்க கையைக் காலைத் தனித்தனியா கழட்டிருவேன். வீட்ல பெரியவங்க யாராவது இருங்க. தண்ணியை மூடி வெச்சிருங்க. பழைய பார்ட்ஸ் வேணும்னா முன்னாடியே சொல்லிருங்க. நன்றி.”*

* எந்த வீட்டுக்குப் போன் செய்தாலும் அவன் இப்படித்தான் பேசுவான், கைகால் சமாச்சாரம் தவிர. கோபத்தில் தொடங்கினான், தொழில் வந்து முடித்துவைத்தது.

4.

சட்டம் எனக்குத் தெரியாது. மெக்கானிக்குக்காக வாதாடும் வக்கீலம்மாவைக் கேட்டேன்.

“கோவத்துல ‘உன்னை ஒரு வழி பண்றேன் பாரு’ன்னு கத்தினா, வெறும் கத்தல்தான்னு நான் வாதாடலாம்மா. இவரு நாள் சொல்லியிருக்காரு, நேரம் சொல்லியிருக்காரு. தண்ணியை வேற மூடச் சொல்லியிருக்காரு! இது திட்டம்னு அரசு வக்கீல் சொல்றாரு. வருஷக்கணக்கா உள்ள போட்டுருவாங்க.”

“சாக்ஸை அவன் உண்மைன்னு நம்பினானே?”

“நம்பினதுக்குத் தண்டனை இல்லை. மிரட்டினதுக்குத்தான்.”

ஜாமீன் கிடைத்தது. தலைவர் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. போன் போலீஸிடம். டூல் பாக்ஸும் போலீஸிடம், சாட்சிப் பொருளாக. யாருக்கும் நாளும் நேரமும் சொல்லக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை. ஒரு மெக்கானிக்குக்கு!

வக்கீலம்மா கெட்டிக்காரி. அவளுடைய வாதம் ஒன்றே ஒன்று: இந்த மனிதர் வருகிறேன் என்று சொன்ன நாளில் எங்குமே போனதில்லை, ஆகவே இந்த மிரட்டலை யாரும் நம்ப வேண்டியதில்லை.

5.

வாடிக்கையாளர்கள் கூண்டில் ஏறினார்கள். அடடா, எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல்!

“திங்கக்கிழமைன்னாரு. எந்தத் திங்கள்னு நான் கேக்காம விட்டது என் தப்பு.”

“அவருக்குக் காத்திருந்த நேரத்துல நானே மெஷின் ரிப்பேர் கத்துக்கிட்டேன் ஐயா.”

பெஞ்சிலிருந்து மெக்கானிக் எழுந்தான். “பொய் சார்! நான் போனேன். பெல் அடிச்சேன். இவங்கதான் திறக்கலை!”

“உக்காருங்க,” என்றாள் வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. “உங்களைக் காப்பாத்திட்டிருக்கேன்.”

“இப்படியா? ஊரு முன்னாடி மானத்தை வாங்கியா?”

நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டார். கொட்டாவி என்று எழுதினால் மரியாதை. ஆனால் தோள் குலுங்கியது.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் நேரமாகிவிட்டது. “அந்த அம்மாவை அடுத்த தடவை விசாரிப்போம்,” என்றார் நீதிபதி. “செவ்வாய்க்கிழமை. பத்துலேருந்து பன்னண்டுக்குள்ள.”

கோர்ட்டே மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தது. அவன் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு.

6.

இப்போது உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். என் வீட்டுக்கு மட்டும் அவன் சொன்ன நேரத்துக்கு வருவான். அவன் வேலை செய்யும்போது நான் ஒரு கதை சொல்வேன், பாதியில் நிறுத்திவிடுவேன். மீதியைக் கேட்க வந்துவிடுவான். தலைவருக்குச் சொன்ன அதே செவ்வாய், அதே பத்து மணியை எனக்கும் சொல்லியிருந்தான். வந்தான். போலீஸ் பிடித்தபோது அவன் தலை என் மெஷினுக்குள் இருந்தது.

‘ஆகவே அவன் நிரபராதி’ என்று எழுதினேன். ஆனால் அரசு வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? பன்னிரண்டு வரை நேரம் இருந்ததாம்.

நேற்று மெக்கானிக்கின் மனைவி வந்தாள். கேட்காமலேயே என் வாளித் துணியை அலசிப் போட்டாள்.

“சொன்ன நாளுக்கு வரவே மாட்டான்னு சொல்லிருங்க பெரியம்மா. ஒரு வார்த்தை. எங்க பொண்ணு தினமும் ‘அப்பா ஜெயிலுக்குப் போயிருவாரா’ன்னு கேக்குறா.”

அவள் போன பிறகு அவன் வந்தான். டூல் பாக்ஸ் இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

“நீங்களாவது உண்மையைச் சொல்லிருங்க பெரியம்மா. சொன்னா வருவேன்னு ஊருல ஒருத்தராவது சொல்லணும்.”

“சொன்னா உள்ள போயிருவியேடா!”

“மானத்தோட போவேன்.”

“சரி, எனக்கு மட்டும் சொல்லு. அன்னிக்கு அங்க போயிருப்பியா?”

மெஷினைப் பார்த்தான். “இதை இப்படிப் போட்டுட்டு எப்படிப் போறது? பெல்ட் மாட்டணும், மோட்டார் பாக்கணும்...” யோசித்தான். “சாயங்காலம் ஆயிருக்கும்.” பிறகு மெதுவாக, “கதை வேற பாதியில நின்னுச்சு,” என்றான்.

7.

முடிவுகள் இருக்கின்றன.

(அ) பொய் சொல்கிறேன். அவன் வீட்டுக்குப் போகிறான். பிறகு என் முகத்தில் விழிக்கவே மாட்டான்.

(ஆ) உண்மையைச் சொல்கிறேன். அவன் கம்பீரமாக ஜெயிலுக்குப் போகிறான், அந்தச் சின்னப் பெண்

இல்லை. இதை எழுத மாட்டேன்.

(இ) தலைவரே கோர்ட்டுக்கு வந்து நீலச் சாக்ஸைத் திருப்பிக் கொடுக்கிறார். (எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. யாரும் நம்ப மாட்டீர்கள்.)

(ஈ) கதை பாதியில் நின்றதால் அவன் என் வீட்டிலேயே இருந்திருப்பான் என்று சாட்சி சொல்கிறேன். அது உண்மை. ஆனால் கதைக்காக ஒருவன் கோபத்தை மறப்பான் என்று சட்டம் நம்புமா? நீங்கள் நம்புவீர்களா?

கண்ணுங்களா, செவ்வாய்க்கிழமை நான் கூண்டில் ஏறும்போது ஒரு பக்கம் அவன் மனைவி உட்கார்ந்திருப்பாள், ஒரு பக்கம் அவன். இரண்டு முகத்தையும் பார்த்து ஒரே பதிலைச் சொல்ல எனக்கு வராது. நீங்கள் நடுவில் எங்காவது உட்காருங்கள். இதுவரை கேட்ட மாதிரியே முகத்தை வைத்துக்கொள்ளுங்கள், போதும். அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறேன்.

பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். யாராவது இருங்கள்.