மெட்டேறினால் கசியும் பேனா

ஏலக்காயை உள்ளங்கையில் போட்டு உருட்டியே இன்ன தரம் என்று சொல்லிவிடுகிற கார்த்திகா, போடி பஜாரில் வெள்ளைத்துரையின் பேனாக் கடையில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள். முந்நூறு ரூபாய்க்குள் ஒரு மைப் பேனா, அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். இங்கே வந்தால் அந்த மனுஷன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்.

"நிப்பு சன்னமா வேணுமா, நடுத்தரமா, பட்டையா? திருகுனா மை உறிஞ்சுற ரகமா, கழுத்தக் கழட்டி ஊத்துற ரகமா, குழாய் மாட்டுறதா?"

"எழுதுற பேனா வேணும்ணே."

"எல்லாமே எழுதுற பேனாதான் ஆத்தா. முதுகு சொறியவா வாங்கி வச்சிருக்கேன்?"

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்திலிருந்து பால்பாயிண்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தபாலில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். எல்லாப் பாடமும் தேறியாகிவிட்டது, ஒரே ஒரு அரியர் மட்டும் மென்னியைப் பிடிக்கிறது. படிக்காமல் இல்லை. வருஷக்கணக்காக ஏலத்தோட்டத்தில் காய் பறித்துப் பறித்துப் பெருவிரல் வீணாகிவிட்டது. ஒரு மணி நேரம் எழுதினால் விரல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் எழுத்து கோழி கிண்டியதுதான். முன்பு எழுதிய இரண்டு தடவையும் பாதிக் கேள்விகள் அப்படியே நின்றுபோயின. இந்தத் தடவையும் விட்டால் பட்டம் வாங்கக் கொடுத்திருக்கிற கெடு முடிந்துவிடும். பட்டம் இருந்தால் போடியில் ஏலக்காயை ஏலம் விடுகிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாதான், "பால்பாயிண்ட்ட அமுக்குனாத்தான் எழுதும். மைப் பேனா வாங்கு, தானா வழுக்கிக்கிட்டுப் போகும்" என்று வழி சொன்னார்.

வெள்ளைத்துரை ஏழெட்டுப் பேனாக்களைக் கண்ணாடி மேல் பரப்பினார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. காய்ந்த ஏலக்காயைக் காதோரம் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், அதுதான் பதம். பழகிய கை சும்மா இருக்குமா? எழுதிப் பார்க்க மை ஊற்றி வைத்திருந்த ஒரு பச்சைப் பேனாவை எடுத்தாள். மூடி இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

வெள்ளைத்துரையின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து தொப்பை வரை நீலப் புள்ளி.

"அடி ஆத்தா! இது என்ன கிலுகிலுப்பையா?"

அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குமேல் எங்கே தேர்ந்தெடுப்பது? அந்தப் பச்சைப் பேனாவையே எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு மைப் புட்டியும் வாங்கினாள். "பேனாவுல மை கொஞ்சமா ஊத்துங்கண்ணே, வீணாப் போயிரும்" என்று சிக்கனமும் பிடித்தாள்.

அவள் புருஷன் விஜயகுமார் தோட்டத்து ஜீப்பு ஓட்டுகிறவன். அந்த ஜீப்பிலேயே ஏறி, மலை வளைவெல்லாம் கடந்து உச்சியில் போடிமெட்டு வந்ததும் ஆசையாகப் பையைத் திறந்தாள். பேனா மூடி நிறைய மை, பையெல்லாம் மை, கை மணிக்கட்டு வரை நீலம்.

"மாத்தித் தராம எங்க போவாரு?" என்று மறுநாளே அவன் லோடு இறக்கப் போனபோது கூடவே இறங்கினாள். வெள்ளைத்துரை பேனாவைக் கழுவி, மை ஊற்றி, தன் பெயரை எழுதினார், சம்சாரத்தின் பெயரை எழுதினார், தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"எங்க ஒழுகுது? நீயே சொல்லு."

"வழியில ஒழுகுச்சுண்ணே, சத்தியமா."

"திரும்ப ஆட்டுனியா?"

"இல்லண்ணே!"

முனகிக்கொண்டே வேறொரு கறுப்புப் பேனாவைக் கொடுத்தார். கொஞ்சமாய் மை ஊற்றியதும் அதுவும் கடையில் சமர்த்தாக எழுதியது. மெட்டேறியதும் அதே கதை. கார்த்திகாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கடையில் ஒரு குணம், வீட்டில் ஒரு குணம் என்றால் இது பேனாவா, மாமியாரா? தப்பு பேனாவிலா, மையிலா, தன் கையிலா? பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை, புதுப் பேனாவில் ஒரு பக்கம்கூட எழுதிப் பழகவில்லை.

"எனக்குப் பேனாவும் ராசியில்ல, படிப்பும் ராசியில்ல. போங்க மாமா, நான் பரீட்சைக்கே போகல" என்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

விஜயகுமார் போடியில் வாங்கி வந்த மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கப் போனவன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பலூன் மாதிரி உப்பியிருந்தது.

"ஏ புள்ள, இது கீழ இருக்கும்போது சப்பையாத்தான இருந்துச்சு? மெட்டேறுனா எப்பவும் உப்பிருது."

"நான் என்ன சொல்லிட்டு இருக்கேன், நீங்க மிக்சரப் பத்திப் பேசுறீக!"

"கேளுடி. நீ மையக் கொஞ்சமா ஊத்துற. மிச்சம் பூராம் காத்து. மேல வந்ததும் அந்தக் காத்து இது மாதிரி உப்புது, மைய வெளிய தள்ளுது."

"அப்ப பேனா நல்ல பேனாதானா?"

"பேனா நல்ல பேனாதான். இங்க வந்து மை ஊத்து, ரொம்ப ஊத்து."

"பரீட்சைக்கு எறங்கும்போது ஒழுகாதா?"

"எறங்கும்போது பாக்கெட் சப்பித்தான போகும்? ஒழுகாதுன்னுதான் நெனைக்கேன்."

நினைக்கிறானாம்! அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனாலும் கறுப்புப் பேனாவைக் கழுவிக் கழுத்து வரை மை ஊற்றி எழுத உட்கார்ந்தாள். ஒழுகவில்லை. அழுத்தாமல் எழுத விரலைப் பழக்குவதற்கே நாலு நாள் ஆயிற்று. தாள் கிழிந்தது, திட்டினாள், மறுபடி எழுதினாள்.

பரீட்சை அன்று தேனிக்குப் போகிற வழியெல்லாம் பேனாவைக் கைக்குழந்தைபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே போனாள். அறையில் உட்கார்ந்து, பயந்து பயந்து மூடியைத் திறந்தாள். நிப்பு சுத்தமாக இருந்தது.

எழுத ஆரம்பித்தாள். பக்கம் பக்கமாகப் போனது. பெருவிரல் வலிக்கத்தான் செய்தது, ஆனால் இழுத்துப் பிடிக்கவில்லை. கடைசி விடைக்குக் கீழே கோடு போட்டு நிமிர்ந்தால், சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. அவளுக்குத் திக்கென்றது. ஏதோ கேள்வியை விட்டுவிட்டோமோ? வினாத்தாளை முன்னும் பின்னும் புரட்டினாள், விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன.

"என்னம்மா, என்ன வேணும்?" என்று மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"எழுதி முடிச்சிட்டேன் டீச்சர். இப்ப என்ன செய்யணும்?"

"முடிச்சவங்க பேப்பரக் குடுத்துட்டுப் போகலாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முன்பு இரண்டு தடவையும் மணியடித்த பிறகு, "போதும், குடும்மா" என்று அவள் கையிலிருந்து பிடுங்கித்தான் வாங்கினார்கள். கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பேப்பரைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.