நாலாம் நம்பர் குரல்

காதை நம்பக் கூடாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் சட்டம். குரல் பதிவுகள் எண் மட்டும் போட்டு வரும். கேட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம், அதனால் ஹெட்போன்கள் கூடத் தலைவியான மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பதிவை மென்பொருளில் போட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று முழுப் பதிவுக்கும் சராசரி எடுப்போம். மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு வரும். ஒரே ஆள் எதைப் பேசினாலும் அந்தக் கோடு பெரிதாக மாறாது, ஆள் மாறினால் மாறிவிடும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. இதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, ஒளிப்பானேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு மிரட்டல் அழைப்பும் நான்கு பேரின் குரல் மாதிரிகளும் வந்தன. நாலாம் நம்பரின் கோடு மிரட்டல்காரனின் கோட்டின் மேல் ஒட்டவைத்தது போல உட்கார்ந்தது. பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இன்று காலை அம்மா போன் செய்தாள்.

"சின்னவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கடி! கிடங்கைக் கொளுத்திடுவேன்னு முதலாளி வீட்டுக்கு போன் பண்ணி மிரட்டினானாம். குரல் பொருந்துதுன்னு ரிப்போர்ட் வந்திருக்காம். எந்தப் பாவி எழுதினானோ, அவன் கை விளங்காமப் போக!"

என் தம்பி குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். அங்கே நான்கு பேரிடம் குரல் எடுத்ததைப் பற்றி எங்களிடம் மூச்சுவிடவில்லை. மேடம் இன்னும் வரவில்லை. அலமாரிச் சாவி அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைப் போட்டேன்.

நாலாம் நம்பர் அவனேதான். கொடுத்த பத்தியை வாசிக்கிறான். அவனுக்குத் திக்கும், புது ஆள் எதிரே உட்கார்ந்தால் சொல்லே வராது. ஒரு சொல், பிறகு நாலைந்து விநாடிக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றா சொன்னேன்? அந்த இடைவெளி முழுக்கக் கிடங்கின் குளிர்சாதன மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மிரட்டல் அழைப்பைப் போட்டேன். எவனோ கட்டைக் குரலில் நிறுத்தி நிறுத்தி மிரட்டுகிறான். பேசியது கிடங்கு அலுவலகத் தொலைபேசியில். மாதிரிகளையும் அதே தொலைபேசியில்தான் எடுத்திருக்கிறார்கள். நடுவில் அதே மோட்டார். மற்ற மூன்று பேரும் கடகடவென்று வாசித்துத் தள்ளியிருந்ததால் அவர்கள் பதிவில் மோட்டார் தலைகாட்டவே இல்லை.

சராசரி எடுக்கும் முன் பேச்சில்லாத இடங்களை வெட்டிவிட வேண்டும். திரையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் போதும். அன்றைய அவசரத்தில் நான் செய்யவில்லை. ஒரு மோட்டாரை அதே மோட்டாரோடு ஒப்பிட்டு, கூடப்பிறந்தவனை மாட்டிவிட்டிருக்கிறேன். அந்தப் பாவி நான்தான் அம்மா.

டிக் செய்து மறுபடி ஓட்டினேன். கோடுகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. அச்செடுத்த தாளோடு ஓடினேன். மேடம் படியேறி வந்துகொண்டிருந்தார். வழிமறித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நாலாம் நம்பர் யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி மேடம்."

தாளை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "யாருன்னு தெரியாம எழுதினது செல்லும். தெரிஞ்சப்புறம் எழுதினது செல்லாதும்மா. வேற ஆய்வுக்கூடம்தான் பார்க்கணும். மூணு மாசம் ஆகும்."

"தப்பு என்னோடது மேடம். அவன் எதுக்கு உள்ள இருக்கணும்?"

"அவன் மறுத்தாத்தான் மறு ஆய்வே கேட்க முடியும். ஒத்துக்க மட்டும் வேண்டாம்னு சொல்லு. ஒத்துக்கிட்டான்னா அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. போ, முதல்ல அதைச் செய்."

காவல் நிலையத்துக்கு ஆறு முறை போன் போட்டேன். யாரும் மதிக்கவில்லை. ஏழாவது முறை அழுதுவிட்டேன். போனை அவனிடம் கொடுத்தார்கள்.

"சின்னவா, நான்தான்டா. எதுலயும் கையெழுத்துப் போடாத. நான் இல்லன்னு மட்டும் சொல்லு. கேக்குதா?"

அவன் திக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அ... அக்கா. ரிப்போர்ட்டைக் காட்டினாங்க. கீழ உன் பேரு. எங்க அக்கான்னு சொன்னேன்."

"அது தப்புடா. நான் தப்பா எழுதிட்டேன்."

"நா... நான் இல்லன்னு சொன்னா, நீ பொய் எழுதினதா ஆயிடுமாம். உன் வே... வேலை போயிடுமாம்."

மறுபடி இடைவெளி. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவன் மூச்சு இழுப்பது கேட்டது.

"அதான் ஒத்துக்கிட்டேன்க்கா. இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்."

இதை மட்டும் அவன் திக்காமல் சொன்னான்.