பதினோராம் பக்கம்

காலை எட்டே முக்காலுக்கு ஐந்தாவது தடவையாக அந்த நீலத் திரை வந்தது. ஒரு சோக முகம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்பு, பிறகு இருட்டு, பிறகு வட்டமாகச் சுற்றும் புள்ளிகள், பிறகு மறுபடியும் அதே முகம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காலை வாருகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொம்பியூட்டரிலும் அந்தச் சாதி உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற நமசிவாயம் அண்ணையின் அச்சகத்தில் ஒன்பது வருடமாக ரைப்செற்றிங் செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் எங்கள் அடுப்பு எரிவது கல்வெட்டால்தான். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற சிறு புத்தகம் அது. முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். பதினோராம் பக்கம் மனைவி புலம்பல். அதற்கென்று எங்களிடம் ஒரு பாட்டு இருக்கிறது. விளக்கு அணைந்து, குயில் பறந்து, கூடு வெறுமையாகிற பாட்டு. பெயரை மட்டும் மாற்றினால் போதும். தென்மராட்சியில் குறைந்தது அறுபது பெண்கள் என் தயவில் ஒரே மாதிரி அழுதிருக்கிறார்கள்.

பராசக்தி அம்மா மட்டும்தான் அந்தப் பாட்டு வேண்டாம் என்றவர். மின்சார சபையில் லைன்மனாக இருந்து இளைப்பாறி, போன மாதம் செத்துப்போன அருளம்பலத்தின் மனைவி. பரிசோதனைப் பிரதியைப் பதினோராம் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, "பிள்ளை, உது ஆர் அழுறது? நானில்லை," என்றார். நேற்றுப் பின்னேரம் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, தானே சொல்லச் சொல்ல என்னைத் தட்டச் சொன்னார். காகிதத்தில் ஒரு எழுத்தும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேக்கக் கூடாது. இன்னொருக்காச் சொல்ல என்னாலை ஏலாது," என்றார். நான் ஓம் என்றேன். முடிந்ததும் எழும்பியவருக்குக் கால் தடுமாறியது. நான் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்புவரை போனேன். திரும்பி வந்தபோது, வாரக் கணக்கில் நான் 'பிறகு, பிறகு' என்று தள்ளிக்கொண்டு வந்த அப்டேற், ஆளில்லாத நேரம் பார்த்துத் தானே ஏறத் தொடங்கியிருந்தது. திரையில் முப்பது வீதம் என்றிருந்தது. "அது தன்ரை பாட்டிலை செய்யட்டும், விடு," என்றார் நமசிவாயம் அண்ணை. விட்டேன்.

இன்றைக்கு முப்பதாம் நாள். நாளை விடிய அந்தியேட்டி. ஐந்து மணிக்கு முன்னம் முந்நூறு பிரதி அடித்து, மடித்து, கம்பிப் பின் அடித்துக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

"பழசையே அடிப்பம்," என்றார் நமசிவாயம் அண்ணை. குடும்பத்துக்கு அனுப்பிய பரிசோதனைப் பிரதி அவருடைய கைபேசியில் இருந்தது. குயில் பறக்கிற பிரதி. "யாழ்ப்பாணத்திலை தெரிஞ்ச பெடியன் அடிச்சுத் தருவான். நாளைக்கு அந்த அவதியுக்கை ஆர் பதினோராம் பக்கம் பாக்கப் போகினம்?"

"அவ பாப்பா, அண்ணை."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நெருக்கடி வந்தால் முதலில் கைவிடத் தக்கது எது என்று தேடுகிற சுபாவம். அடுத்த தெருவில் கொம்பியூட்டர் திருத்துகிற பஞ்சலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஞ்சலிங்கம் மூன்று தரம் போட்டு மூன்று தரம் நிறுத்திவிட்டு, "போமற் அடிச்சா அரை மணித்தியாலத்திலை புதுசு மாதிரி வரும்," என்றார்.

"உள்ளுக்கை இருக்கிறது?"

"அது போகும்."

"அப்ப கையை எடுங்கோ."

சொன்ன பிறகுதான் எனக்கே என் குரல் உறைத்தது. பஞ்சலிங்கம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையிலிருந்து மன்னிப்புக் கேட்டது அந்த மெசின் ஒன்றுதான், அதனால் என்ன பயன்? அவர் போனதும் கதிரையை இழுத்துப்போட்டு மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழும்புவதில்லை என்று முடிவு.

நீலத் திரையின் அடியில் ஒரு வரி வந்து, வாசிக்கமுன் மறைந்துகொண்டிருந்தது. கைபேசியால் படம் பிடித்து, ஓடவிட்டு நிறுத்தி, அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஏதோ ஒரு கோப்பின் பெயர். அதை இணையத்தில் போட்டுத் தேடினால் ஒரு அன்ரிவைரஸின் கோப்பு என்று வந்தது. ஆனால் நாங்கள் வாங்கிப் போட்ட அன்ரிவைரஸ் அதில்லையே. எங்களுடையது வேறு கொம்பனி.

"அண்ணை, இதிலை ஆர் இன்னொரு அன்ரிவைரஸ் போட்டது?"

நமசிவாயம் அண்ணை அச்சு மெசினைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பினார். "போன மாசம் கோபி ரொறன்ரோவிலை இருந்து நெற்றாலை கொழுவிப் போட்டவன். நல்ல சாமானாம். ஒரு வருசத்துக்குத் தன்ரை பரிசு எண்டவன்."

கோபிசங்கர் அவருடைய மனைவியின் தம்பி. கொம்பியூட்டரை அனுப்பியவரும் அவர்தான். தூர இருக்கிறவர்களுக்கு எங்கள் மேல் ஒரு பயம் எப்போதும் இருக்கிறது. முன்பு விற்றமின் குளிசை அனுப்பினார்கள், இப்போது அன்ரிவைரஸ். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். அன்பு அப்படித்தான் வரும், இருப்பதற்கு மேல். இங்கே இருக்கிறவர்களும் 'இருக்கிறது, வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். மனம் நோகுமே.

ஒரு வளவுக்குள் இரண்டு காவல் நாயை விட்ட கதைதான். ஒரு மாதமாக ஒன்றையொன்று உறுமிக்கொண்டு கிடந்திருக்கின்றன. இந்த ஒரு மாதம் மெசின் மெதுவாகப் போனதற்கும் காரணம் அதுதான். நேற்று அப்டேற் உள்ளே வந்து அத்திவாரத்தையே மாற்ற, இரண்டும் ஒருமிக்க அதன் மேல் பாய்ந்திருக்கின்றன.

செய்ய வேண்டியது தெரிந்தது. மெசின் எழும்பும்போதே அடுத்தடுத்து மூன்று தரம் பவர் விசையை அமத்தி நிறுத்தினால் பழுது பார்க்கும் திரை வரும், அதன் வழியாக அவசியமானவற்றை மட்டும் வைத்து எழுப்பலாம். அந்தத் திரையும் வந்தது. வந்து, மீட்புக் குறியீட்டைத் தா என்றது. நாற்பத்தெட்டு இலக்கம். மெசின் யாருடைய கணக்கில் பதியப்பட்டதோ அவரிடம் இருக்குமாம். கோபியின் கணக்கு.

பத்தேகால். ரொறன்ரோவில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. கோபியின் மனைவி நித்திரையால் எழும்பி, அவர் பாண் சுடுகிற பக்டரியில் இரவு வேலை என்றும், கைபேசி லொக்கரில் என்றும், மூன்று மணிக்குத்தான் இடைவேளை என்றும் சொன்னார். எங்களுக்குப் பன்னிரண்டரை.

"இரண்டேகால் மணித்தியாலம் சும்மா இருக்கிறதே?" என்றார் நமசிவாயம் அண்ணை. யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அழைக்கக் கைபேசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அண்ணை, உங்கடை மனிசி உங்களைப் பற்றி ஏதும் சொன்னா, அதைப் போடாமல் குயில் பாட்டைப் போடட்டே?"

அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கல்வெட்டுக்கான காகிதத்தை வெட்டப் போனார். நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு அன்ரிவைரஸையும் வேரோடு பிடுங்குவதற்கு அந்தந்தக் கொம்பனியே தருகிற கருவிகளைக் கைபேசியில் தேடி, பென் டிரைவில் இறக்கினேன். செய்ய வேண்டியதை ஒரு பழைய அழைப்பிதழின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினேன். முதல் வேலை, வேறெதையும் தொடமுன் கல்வெட்டைப் பிரதியெடுப்பது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கைபேசி அடித்தது. கோபியின் குரலுக்குப் பின்னால் பக்டரி மெசின்களின் இரைச்சல்.

"தங்கச்சி, மனிசி சொன்னவ. என்னாலையே?"

"அதைப் பிறகு கதைப்பம், கோபி அண்ணை. இலக்கத்தை வாசியுங்கோ. ஆறு ஆறாய்."

எட்டுக் கூட்டம். அவர் வாசிக்க நான் திருப்பிச் சொன்னேன். ஐந்தாவதில் இரைச்சலுக்குள் ஒன்று தவறியது. மெசின் ஏற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. அவருடைய இடைவேளை பதினைந்து நிமிடம், அதில் ஒன்பது போய்விட்டது. அவர் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை ஒவ்வொரு இலக்கத்தையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திரை மாறியது.

"வந்திட்டுதே?"

"வந்திட்டுது."

"உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டுதான் போட்டனான், தங்கச்சி."

"தெரியும் அண்ணை," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். காலையிலிருந்து அவர் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்வெட்டைப் பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு கோபியின் அன்ரிவைரஸைப் பிடுங்கினேன். மறுபடி எழுப்பினால் மறுபடியும் சோக முகம். எங்களுடையதையும் பிடுங்கினேன். நாங்கள் பார்த்துப் பார்த்து வாங்கியது, அதுவும் போகட்டும். இம்முறை புள்ளிகள் வெகுநேரம் சுற்றின. அப்டேற் நாற்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏறியது. இரண்டு மணி ஐந்துக்கு வழமையான திரை, நல்லூர்த் தேர்ப் படத்தோடு வந்தது. நமசிவாயம் அண்ணை கையைத் தட்டினார். நான் பதினோராம் பக்கத்தைத் திறந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று அருளம்பலம் வீட்டுக்குள் வராமல் வாசலில் அறுந்து தொங்கிய வயரைச் சரிசெய்தது இருந்தது. ஊருக்கெல்லாம் லைற் கொடுத்தவர் தன் குசினி பல்பை மூன்று மாதம் மாற்றாதது இருந்தது. 2009இல் மகன் மயூரதன் காணாமல் போனதும், இருவரும் ஒரே படத்தைப் பிடித்துக்கொண்டு படியேறிய அரசாங்கக் கந்தோர்களும் இருந்தன. அதற்குக் கீழே வெள்ளை.

கடைசிப் பந்தி இல்லை.

நான் சேமிக்கவில்லை. நேற்று அம்மா எழும்பினார், கால் தடுமாறியது, நானும் எழும்பினேன். இரண்டு விசை. ஒன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அமத்துகிற இரண்டு விசை. அன்ரிவைரஸ், அப்டேற், கோபி என்று காலையிலிருந்து எல்லோரையும் திட்டித் தீர்த்தவள் நான். இப்போது திட்ட வேறு ஆள் இல்லை.

என்ன சொன்னார் என்பது நினைவிருந்தது. படலையைப் பற்றி. மகன் எந்த நேரமும் வரக்கூடும், வந்து வாசலில் நின்று கூப்பிடக் கூடாது என்று, இத்தனை வருடமும் அருளம்பலம் படலையைக் கொளுக்கி போட்டுப் பூட்ட விடவில்லை. நானே நாலு வரி எழுதிவிடலாம். கையை விசைகளின் மேல் வைத்தும் விட்டேன். ஆனால் அது குயில் பாட்டைவிடக் கொஞ்சம் நல்ல பொய், அவ்வளவுதான். கைபேசியை எடுத்தேன்.

பராசக்தி அம்மா சந்தையில்தான் இருந்தார், நாளைக்கு மரக்கறி வாங்க. பத்து நிமிடத்தில் இரண்டு பையோடு வந்தார். ஒரு பைக்கு வெளியே வாழைப்பொத்தி நீட்டிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். "அம்மா, கேக்க மாட்டன் எண்டு சொன்னனான். கடைசிப் பந்தி துலைஞ்சு போச்சு. என்ரை பிழைதான். வேறை ஆற்றையும் இல்லை."

பராசக்தி அம்மா பைகளை நிலத்தில் வைத்தார். நேற்றைய கதிரையிலேயே இருந்து, திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தார். வெள்ளைக்கு வந்ததும் விரல் நின்றது.

"நேற்று நான் அவர் செய்ததை எல்லே சொன்னனான்."

"ஓம் அம்மா. ஐயா கொளுக்கி போட விடேல்லை எண்டு."

"அவர் இருக்கேக்கை நான் ஒவ்வொரு நாளும் அதுக்குச் சண்டை பிடிப்பன். நாய் வரும், மாடு வரும் எண்டு." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "அதெல்லாம் வேண்டாம். நான் அவருக்குச் சொல்லுறதைப் போடு. நீங்கள் போய் முப்பது நாள்."

தட்டினேன்.

"படலைக்கு நான் கொளுக்கி போடேல்லை."

நேற்றெல்லாம் அவர் சொன்னதை என் கை தானாகவே எழுத்துத் தமிழாக்கிக்கொண்டு போனது, பழக்க தோஷம். 'போடவில்லை' என்று ஓடப் போன விரலை இழுத்துப் பிடித்து, அவர் சொன்னபடியே தட்டினேன். இரண்டு விசையையும் அமத்தினேன். இன்னொரு தடவையும் அமத்தினேன்.

"அவ்வளவுதான்," என்றார். பின்னால் நமசிவாயம் அண்ணை அச்சு மெசினைப் போட்டார். அது சூடேறுகிற சத்தம் கேட்டது.

அப்போது திரையின் மூலையிலிருந்து ஒரு சிறு பெட்டி எழும்பி வந்து, கடைசி வரியை மறைத்துக்கொண்டு நின்றது. சிவப்புக் கேடயம். இந்தக் கணினிக்கு இப்போது காவல் எதுவும் இல்லை, உடனே போடவா என்று கேட்டது. பராசக்தி அம்மா குனிந்து பைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மூடினேன். வரி மறுபடி தெரிந்தது.